கந்தகநாட்டின் ஐந்தாவது ஆள்

சோதிப் பேரரசில் பதினேழு மாகாணங்கள். அவற்றில் மழை இல்லாதது ஒன்றுதான். அதற்குக் கந்தகநாடு என்று பெயர். விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்ற ஊர்களும், அவற்றுக்கு நடுவில் ஏராளமான வேலிக்கருவேலும் கொண்டது. பேரரசின் பள்ளிப் பாடநூலில் இந்த மாகாணத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நிலம் கரிசல், மக்கள் உழைப்பாளிகள், ஆட்சியாளர்கள் கருணை மிக்கவர்கள் என்று அதில் இருக்கிறது. முதல் இரண்டும் உண்மை.

மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழை பெய்தால் பட்டாசு காயாது. அதனால் சீசன் மாதங்களில் இங்கே மழை பெய்யலாகாது என்று முன்பிருந்த ஒரு மாகாணாதிபதி ஆணையிட்டார். மழை கட்டுப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் பெய்யவில்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று முதல், ஆணை போட்டால் எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கை அடுத்தடுத்து வந்த மாகாணாதிபதிகளுக்கும் தொற்றிக்கொண்டது.

பேரரசர் வடக்கே வெகுதூரத்தில் இருந்தார். அவருக்குச் சத்தம் பிடிக்கும். பிறந்தநாள், பேரனின் காதுகுத்து, வெளிநாட்டில் ஜெயித்த கிரிக்கெட் மேட்ச், எல்லாவற்றுக்கும் வெடி வேண்டும். அந்தச் சத்தம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அவர் கேட்டதில்லை. அவருக்காகச் சத்தம் செய்கிறவர்கள், ஒரு தலைமுறைக்கு முன்பு அடுத்தவர் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள். இப்போது விடியும்போதே வேன் ஏறிக் கம்பெனிக்குப் போகிறார்கள். உள்ளங்கையில் அலுமினியத் தூள் ஏறி வெள்ளியாய் மின்னும். பாடநூலில் இதை 'வெள்ளிக் கரத்தினர்' என்று எழுதி, அடைப்புக்குள் 'செல்வச் செழிப்பு' என்று போட்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, பெயர் சொல்லக்கூடாத ஒரு கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்க்கக்கூடாது என்பது தொழிலின் பழைய விதி. சுவரில் சிவப்பு மையில் எழுதியே இருந்தது. சீசன் வந்தால் அந்த எழுத்தின் மேல் ஆர்டர் பட்டியலை ஒட்டிவிடுவார்கள்.

விசாரணைக் குழு எண்ணூறு பக்கத்துக்கு அறிக்கை எழுதியது. மாகாணாதிபதி கடைசி வரியை மட்டும் படித்தார். 'அறையில் நால்வர் மட்டும் இருந்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும்.' அவர் கண்கலங்கியதாகச் செய்திக்குறிப்பு சொன்னது. அன்று மாலையே ஆணை வந்தது. கந்தகநாட்டில் இனி எந்த அறையிலும் நால்வருக்கு மேல் இருக்கலாகாது. வீடு, பள்ளி, கடை, மண்டபம், எதுவானாலும் சரி. பட்டாசு அறைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவை ஆய்வில் இருக்கின்றன.

இப்படித்தான் நால்வர் விதி பிறந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் மூன்று பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். மற்ற நாற்பது பேர் வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றார்கள். இருக்கன்குடிக் கோயில் கருவறையில் அம்மனை ஒருவராகக் கணக்கிட வேண்டுமா என்று ஒரு கேள்வி எழுந்தது. வேண்டும் என்று பதில் வந்தது. அம்மன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். வயது என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி, நிரந்தர வசிப்பாளர் என்று முத்திரை குத்தினார்கள். ஏழாயிரம்பண்ணை வேன் ஒன்றில் முப்பத்தெட்டுப் பேர் போகிறார்களே, அது அறையா என்று யாரோ மனுப் போட்டுக் கேட்டுவிட்டார். கம்பெனி முதலாளிகள் பதறிப்போனார்கள். ஆனால் நான்கு மாத ஆலோசனைக்குப் பிறகு மாகாணாதிபதி நல்ல தீர்ப்பாகவே கொடுத்தார். 'நகர்வது அறையன்று.'

மாரித்தாய் வீடு நாலு பேர் வீடு. அதனால் அவள் இந்த விதியைப் பற்றி முதலில் கவலைப்படவில்லை. புருசன் நாகையா லாரி ஷெட்டில் லோடு ஏற்றுகிறவர். மகன் கதிரவன் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் இருந்தான். மகள் சினேகா பிளஸ் டூ. காலனி வீட்டில் ஒரே அறை. அதை ஒட்டித் தடுப்பில்லாத அடுப்படி, அதற்கு ஒரு பின்வாசல். கதவு எண் 4/17 என்ற தகரத்துக்குக் கீழே தலைக்கு ஒன்றாக நான்கு முத்திரைகள் வரிசையாக இருந்தன.

ஆனால் எண்ணும் பழக்கம் அவளுக்கு விதி வருவதற்கு முன்பே வந்துவிட்டது. எந்த அறைக்குள் போனாலும் முதலில் தலைகளை எண்ணுவாள். பிறகு வாசல் எங்கே என்று பார்ப்பாள். வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். கலியாண வீட்டில்கூட அப்படித்தான். இதை யாரும் கவனித்ததில்லை. கவனித்திருந்தாலும் கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

வெடித்த அறையில் அன்று இருந்தது ஏழு பேர். ஏழாவது ஆள் அவள். சரவெடிச் சரம் பின்னிக்கொண்டிருந்தவள் தண்ணி குடிக்க எழுந்தாள். பக்கத்தில் இருந்த பொன்னுத்தங்கம், வரும்போது எனக்கும் ஒரு செம்பு கொண்டா என்றாள். மாரித்தாய் குழாயடியில் செம்பை நிறைத்துக்கொண்டிருந்தாள். ஆக, அறிக்கையில் ஆறு பேர் என்று இருந்தது சரிதான். அதில் ஒரு தப்பும் இல்லை. அவள்தான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கதிரவனுக்குச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓவியா என்ற பெண்ணைப் பேசி முடித்தார்கள். மண்டபத்தில் மாப்பிள்ளை, பெண், தாலி எடுத்துத் தருகிறவர் போக ஒரே ஒருவர்தான் நிற்கலாம். அந்த ஒருவர் எண்ணிக்கைத் துறை ஆளாக இருக்க வேண்டும் என்று துணைவிதி சொன்னது. நாகையா கம்பெனி வேனை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கினார். நகர்வது அறையல்லவே.

அந்த வைகாசியில் கந்தகநாட்டில் எல்லாக் கலியாணங்களும் சாலையில்தான் நடந்தன. காலை ஏழரைக்கு மேல் நாற்கரச் சாலையில் போனால் முன்னும் பின்னும் நாதஸ்வரம் கேட்டபடியே போகலாம். ஓவியாவின் கலியாண வேனில் நாற்பத்தோரு பேர் இருந்தார்கள். முகூர்த்தம் ஒன்பது பத்துக்கு. ஒன்பது எட்டுக்குச் சாத்தூர் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. நின்றால் வேன் அறையாகிவிடும். டிரைவர் சங்கையா கேட்டுக்கு முன்னால் இருந்த பொட்டலில் வேனை இறக்கி வட்டமடிக்க ஆரம்பித்தார். நாலாவது வட்டத்தில் கதிரவன் தாலியைக் கட்டினான். மூன்றாவது முடிச்சைப் போட வேண்டிய சினேகா வாந்தி வருகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அட்சதை எல்லாம் வேனின் இடது பக்கமாகவே போய் விழுந்தது.

"வண்டிய நிப்பாட்டவா மாமா?" என்று சங்கையா கேட்டார்.

"நிப்பாட்டிராதலே. நின்னா நாப்பத்தோரு பேருக்கும் கேசு" என்றார் நாகையா.

சாப்பாட்டை நாலு நாலு பேராகப் பரிமாறினார்கள். கடைசிப் பந்தி முடியும்போது மறுநாள் ஆகிவிட்டது. ஓவியா 4/17க்குள் வலதுகாலை எடுத்து வைத்தாள். மாரித்தாய் பழக்கத்தில் எண்ணினாள். நாலு பேர் உள்ளே இருந்தார்கள். அவள் கையில் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கணக்குச் சரியாக இருந்ததால் தட்டைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

ஐந்தாவது ஆள் வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு 'வெளியாள்' வேண்டும். முழுத் தணிக்கை நடக்கும்வரை ஐவரில் ஒருவர் எப்போதும் வெளியே இருந்தால் போதும் என்று மாகாணம் பெருந்தன்மையாக அனுமதித்திருந்தது. யார் என்று கேட்காது. ஷிப்ட் வேலை பார்த்துப் பழகிய குடும்பம் என்பதால் முறை வைத்துக்கொண்டார்கள். சினேகா காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினாள். திங்கள் அப்பா, செவ்வாய் அம்மா, புதன் அண்ணன், வியாழன் நான், வெள்ளி மதினி.

திங்கள்கிழமை நாகையாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை கதிரவன் பிரஸ்ஸிலிருந்து நின்றே வந்ததாகச் சொன்னான். வியாழன் சினேகாவுக்குப் படிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை புதுப்பெண்ணை வெளியே நிறுத்தினால் தெருவில் என்ன பேசுவார்கள்? ஒவ்வொரு முறையும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்குள் மாரித்தாய் எழுந்துவிடுவாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் உரலில் உட்கார்ந்து சாப்பிடுவாள். உள்ளே டிவி ஓடும். சிரிப்புச் சத்தம் வரும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரியும், சில நாள் தெரியாது.

வீட்டில் அதைத் தியாகம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓவியா அடிக்கடி வாசலுக்கு வந்து, "நீங்க உள்ள வாங்கத்தை, நான் நிக்கேன்" என்பாள். "இருக்கட்டும் தாயி" என்பாள் மாரித்தாய். அப்படிச் சொல்லும்போது மனதில் ஒரு நிம்மதி வருவதை அவள் கவனித்திருந்தாள். அது தியாகத்தில் வருகிற நிம்மதி மாதிரி இல்லை. வெளியே நின்றதால்தான் பிழைத்தோம் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டு வைத்திருந்தது. அதை நல்ல குணம் என்று ஊரே மெச்சும்போது, இல்லை, பயம்தான் என்று திருத்த அவளுக்கு வெட்கமாக இருந்தது. மெச்சட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் உள்ளே சிரித்தால் மட்டும் கழுத்து தானாகத் திரும்பியது.

ஆனி மாதம் முழுத் தணிக்கை அறிவிப்பு வந்தது. அன்றோடு வெளியாளின் பெயர் நிரந்தரமாகப் பதிவாகும். பதிவானவர் அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே இனி வரக்கூடாது. அப்படியானால் வெயில் பனியில் எங்கே இருப்பார் என்ற கவலை மாகாணத்துக்கும் இருந்தது. நால்வர் விதி செல்லாத கூரை கந்தகநாட்டில் ஒன்றுதான் உண்டு. ஆகவே வெளியாட்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனி அறைகளிலேயே தங்குவார்கள். முதலாளிகள் இதை வரவேற்றார்கள். வேன் செலவு மிச்சம் என்று ஒருவர் மேடையில் வெளிப்படையாகவே நன்றி சொன்னார்.

அதைக் கேட்ட அன்று மாரித்தாய் சரம் பின்னும்போது திரி கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. பகலில் அந்த அறையில் இருப்பது வேறு. நாலு பக்கமும் வாசல் திறந்திருக்கும், வெளிச்சம் இருக்கும். அங்கேயே படுத்து அங்கேயே எழுவது என்பதை நினைத்தால் குழாயடிச் செம்பு கையில் கனத்தது.

மறுநாள் அவள் சாத்தூருக்கு, கமாலுதீன் பாய் கடைக்குப் போனாள். மாகாணத்தின் எல்லாப் படிவங்களும் அங்கே கிடைக்கும். கடைக்குள் நாலு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்பதால் பாய் மேசையைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார். இந்தச் சட்டம் நல்லதுதான், வாடகை மட்டும்தான் கடைக்குக் கொடுக்கிறேன், வியாபாரமெல்லாம் சாக்கடை மேல்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாரித்தாய் வெளியாள் படிவம் ஒன்று கேட்டாள். எழுத வேண்டிய பெயர் என்ன என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. கையில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தாள்.

பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒங்க வீட்டுக்காரரு முந்தாநாளே வந்து வாங்கிட்டாகளே தாயி. இங்கனயே ஒக்காந்து எளுதி, நாந்தான் கையெளுத்துப் போடுற எடத்தக் காமிச்சேன்."

"யார் பேரு எளுதுனாக பாய்?"

பாய் படிவக் கட்டைத் தட்டித் தட்டி ஒழுங்குபடுத்தினார். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தது. "ஒரு கலர் சோடா குடிக்கீகளா? வெயிலா இருக்கு" என்றார்.

சாயந்தரம் நாகையா வந்ததும் கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, நிஜமாகவே புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான எப்பவும் வெளிய நிக்கே" என்றார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு ஆள் ஒரு இடத்தில் நிற்கிறாள், அந்த இடத்தை அவள் பெயரில் எழுதிவிட்டார். பட்டா போடுவது மாதிரி. கதிரவன் தலையைக் குனிந்துகொண்டான். சினேகா அப்பாவைத் திட்டினாள், பிறகு படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஓவியா மட்டும் மாமா முன்னால் பேசக்கூடாது என்று பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். மாரித்தாய் அன்றும் உரலில்தான் சாப்பிட்டாள். ஆனால் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் நாமாகத்தானே எழுந்து வந்தோம் என்பதை ஒரு வாய்க்கு ஒருமுறை நினைத்துக்கொண்டாள்.

தணிக்கை ஒரு புதன்கிழமை. மாகாணத்தின் முதல் முழுத் தணிக்கை என்பதால் மாகாணாதிபதியே நேரில் வருகிறார் என்றார்கள். சட்டப்படி காலை பதினொன்றே காலுக்கு மணி அடிக்கும். அந்த நொடியில் கூரைக்குக் கீழே இருக்கிற தலைகள்தான் அந்த வீட்டின் வசிப்பாளர்கள். எண்ணிக்கைத் துறையின் எண்ணர் வாசலிலிருந்து தொடங்கி, மூங்கில் கோலால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ண வேண்டும். முகத்தைப் பார்த்தால் பாரபட்சம் வரும் என்பதால் நெற்றிக்குக் கீழே பார்க்கக்கூடாது, உச்சந்தலையை மட்டும் பார்க்கலாம். படிவத்தில் பெயர் உள்ளவர் கடைசியில் நிற்க வேண்டும். முதல் நாலு பேர் வீட்டுக்காரர், மீதி வெளியாள். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது.

மாகாணாதிபதி இருபத்திரண்டு பேரோடு வந்தார். குடை பிடிப்பவர், மாலை சுமப்பவர், சோடா உடைப்பவர், டிரைவர்கள், நிழற்படக்காரர், தலைமை எண்ணர் சுந்தரபாண்டி, சாதாரண எண்ணர் காளிராஜ், இன்னும் எதற்கு என்று அவர்களுக்கே தெரியாத சிலர். வெயில் தாங்காமல் எல்லோரும் 4/17க்குள் நுழைந்தார்கள். ஐவரையும் அடுப்படி ஓரமாக நெருக்கி நிறுத்தினார்கள். நாலு பேருக்கு மேல் இருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர்களால் அந்த வீட்டில் காற்று நுழைய வழி இல்லை. பதினொன்று பதினான்குக்கு அதிகாரிகள் வெளியேறிவிடுவது என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு சின்ன உரை.

"என் மக்களே" என்று தொடங்கினார் மாகாணாதிபதி. "உங்கள்மேல் எனக்கு இருக்கும் அன்பை நீங்கள் அறியமாட்டீர்கள். அறிய வேண்டும் என்று மூன்று தடவை ஆணையிட்டும் பலனில்லை. அன்று அந்த அறை வெடித்தபோது நான் பட்ட வேதனை கொஞ்சமா? ஆறு பேர். ஆறு அறிக்கை, ஆறு விசாரணை, ஆறு வீட்டுக்கு ஆறுதல் கடிதம். ஒரு கடிதத்தில் பெயரை மாற்றி எழுதி, அதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம். ஆக ஏழு. எந்த மாகாணாதிபதியும் இப்படி ஒரு துயரத்தை அனுபவிக்கக்கூடாது. நாலு பேர் என்றால் நாலோடு போகும். மனித உயிரின் மதிப்பு எனக்குத் தெரியும். அதனால்தான் அதை ஓர் எண்ணுக்குள் கொண்டுவந்தேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். இடமில்லாததால் அவரவர் மார்பில் தட்டிக்கொண்டார்கள்.

"அந்த அறைகளையே ஏன் சரிசெய்யவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே வேலை நடக்கிறது. வேலை நடக்கிற இடத்தில் தலையிடுவது நாகரிகமா? உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை. அதனால் இங்கே தலையிட்டேன்."

பதினொன்று பன்னிரண்டு ஆயிற்று. பதினான்கும் ஆயிற்று. மாகாணாதிபதி பேசும்போது யாரும் அசையக்கூடாது என்பது நால்வர் விதிக்கும் மூத்த விதி. சுந்தரபாண்டி கடிகாரத்தைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். மாகாணாதிபதிக்குத் தொண்டை காய்ந்தது. விரலைச் சொடுக்கினார். சோடா உடைப்பவர் பாட்டிலின் கோலியைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

உஸ்ஸ்ஸ்.

கந்தகநாட்டில் கம்பெனிக்குள் நுழைகிற முதல் நாள் ஒரே ஒரு பாடம்தான் சொல்லித்தருவார்கள். உஸ் என்று கேட்டால் ஓடு. திரும்பிப் பார்க்காதே, எதையும் எடுக்காதே, யாரையும் கேட்காதே. அது காதுக்குப் போய் மூளைக்குப் போய் வருகிற பாடம் இல்லை. நேராகக் காலுக்குப் போகும். கம்பெனி பார்க்காத சினேகாவுக்கும் ஓவியாவுக்கும்கூட அது வளர்ந்த வீட்டிலேயே வந்திருந்தது.

ஐந்து பேரும் பின்வாசல் வழியாகப் பறந்தார்கள். நாகையாவுக்கு இடுப்பு வலி ஞாபகம் வரவில்லை. கிணற்றடியைத் தாண்டி, வேலிக்கருவேலைத் தாண்டி, ஆளுக்கொரு திசையில் ஓடி மண்ணில் குப்புற விழுந்தார்கள். தெருவில் நின்ற மற்ற சனமும் ஓடிவிட்டது. அதிகாரிகள் யாரும் அசையவில்லை. அவர்களுக்கு ஓடச் சொல்லி ஆணை வரவில்லை.

மணி அடித்தது.

வாசலில் நின்ற காளிராஜ் கோலை நீட்டினார். இருபத்தொரு வருடச் சர்வீஸில் அவர் ஒருமுறைகூட முகத்தைப் பார்த்து எண்ணியதில்லை. டிரைவர் ஒன்று. குடைக்காரர் இரண்டு. மாலைக்காரர் மூன்று. சோடாக்காரர் நாலு. அங்கே ஒரு கோடு போட்டார். பிறகு வெளியாட்களை எழுத ஆரம்பித்தார். ஐந்து, ஆறு, ஏழு. கோல் ஒரு தலைப்பாகையில் பட்டபோது குரல் எழுந்தது.

"நான் யார் என்று தெரிகிறதா?"

காளிராஜ் பதிவேட்டைப் பார்த்தார். "பத்தொம்பதாவது ஆளுங்கய்யா."

சாயந்தரம் ஆறு மணிக்குள் மாகாணாதிபதி ஏழாயிரம்பண்ணைக் கம்பெனி அறையில் குடியேற வேண்டும் என்று ஆயிற்று. பாய், தலையணை கொண்டுவர அனுமதி உண்டு என்பதையும் காளிராஜ் விதியைப் படித்துச் சொன்னார். சட்டத்தைத் திரும்பப் பெறலாம் என்றால் அதில் பேரரசரின் முத்திரை இருக்கிறது. பதிவேட்டைக் கிழிக்கலாம் என்றால் அதற்குப் பதினான்கு வருடம் சிறை. அவசரக் கூட்டம் போட வேண்டும். இருபத்து மூன்று பேர் எந்த அறையில் கூடுவது? சங்கையாவின் வேனைப் பிடித்தார்கள். வேன் காலனியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஜன்னலில் அதிகாரிகள் முகங்கள் போயின, வந்தன. ஒன்பதாவது சுற்றில் ஒருவர் எட்டி வாந்தி எடுத்தார். அவருக்குப் பின்னால் வேறொருவர் கையை நீட்டி வாசலில் ஒரு காகிதத்தைப் போட்டார்.

அதில் ஒரே வரி இருந்தது. 'கதவு எண் 4/17இல் உள்ளது அறையன்று.'

நகர்வது அறையன்று என்று சொல்ல முடிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. அறையே இல்லாத இடத்தில் எண்ணிய எண்ணும் செல்லாது. மாகாணாதிபதி மதியமே ஊர் திரும்பினார். வழியில் வேனைப் பாராட்டிப் பேசியதாகச் சொன்னார்கள்.

மண்ணைத் தட்டிக்கொண்டு ஐவரும் வந்து சேர்ந்தார்கள். காளிராஜ் தகரத்துக்குக் கீழே இருந்த நாலு முத்திரைகளையும் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். இனி இங்கே எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் வீடு என்று யாரும் சொல்லாமல் இருந்தால் நல்லது என்று தயவாகக் கேட்டுக்கொண்டார். அவர் போனதும் சினேகா, கதிரவன், ஓவியா மூவரும் உள்ளே போய் இறைந்துகிடந்த மாலைப் பூக்களைக் கூட்டினார்கள். நாகையா வாசல்படியில் ஏறி, அறையின் நடுவில் நின்று, வெளியே உரலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாரித்தாயைக் கூப்பிட்டார்.

"அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சே. உள்ள வா."

அவர் குரலில் பெரிய மனது இருந்தது. தானே ஆணை போட்ட மாதிரி ஒரு மிதப்பும் இருந்தது. மாரித்தாய் வாசல்வரை வந்தாள். கால் நிலைப்படியில் நின்றது. உள்ளே போக வேண்டும் என்ற ஆசையும் போகக்கூடாது என்ற பழைய கணக்கும் ஒரே இடத்தில் மோதியதை அவளால் உணர முடிந்தது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. பொன்னுத்தங்கத்துக்குத் தண்ணி இன்னும் போய்ச் சேரவில்லை. ஆனால் இடுப்பில் கைவைத்து நடுவில் நிற்கிற இந்த மனுசனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று முதல்முறையாகத் தோன்றியது. பயம் அவளுடையது. படிவத்தை எழுதியது அவர்.

அவள் உள்ளே போனாள். வாசலிலிருந்து தூரமாக, டிவிக்கு எதிரே, அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் வாசலைத் தேடியது. தேடட்டும் என்று காலை நீட்டினாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள்.

நாகையாவுக்குப் புரியவில்லை. "அதான் சட்டமே இல்லன்னுட்டாகளே."

"சட்டத்துக்கா சொல்றேன்? எனக்காக நில்லுங்க."

ஓவியா துடைப்பத்தை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். கதிரவன் அப்பாவைப் பார்க்கவில்லை. நாகையா மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு மெதுவாக நிலைப்படியைத் தாண்டி வெளியே போய் நின்றார். எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையைக் கட்டினார், அவிழ்த்தார், உரலில் உட்காரப் பார்த்தார், வெயிலில் அது கொதித்தது, எழுந்துகொண்டார். உள்ளே சினேகா டிவியைப் போட்டாள். ஏதோ ஒன்றுக்கு எல்லோரும் சிரித்தார்கள். மாரித்தாயும் சிரித்தாள், சரியான நேரத்தில்.

நாகையா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ஏளா, எம்புட்டு நேரம் நிக்கணும்?"

மாரித்தாய் யோசித்தாள். அவசரப்படாமல்தான் யோசித்தாள்.

"படிவத்துல நேரம் எளுதச் சொல்லி எடம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அவர் நினைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.